ஒரு கெட் ரெக்வெஸ்டுக்கு எத்தனை ஜெம் வேணும்?

இந்த வார எபிசோடில் ரூபி பேச்சு நேரமில்லாம பாதியில நின்னுடுச்சு. மீதியை இங்கே எழுதுறேன். என் கருத்து இதுதான்: ஒரு ஜேசன் ஏபிஐயைக் கூப்பிட, ஒரு மாலையில் உட்கார்ந்து முழுசா படிச்சு முடிக்கக்கூடிய சின்ன லைப்ரரி போதும்.

"ரூபியிலேயே நெட்-ஹெச்டிடிபி இருக்கே, அப்புறம் எதுக்கு ஜெம்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஜேசன் பார்சரும் 1.9 பதிப்பிலிருந்து ரூபியோடவே வருது. ஒரே ஒரு கெட் என்றால் இது ரெண்டுமே போதும். ஆனா நெட்-ஹெச்டிடிபியோட பழக்கவழக்கம் கொஞ்சம் பழசு. ஸ்டேட்டஸ் கோடை எண்ணாகத் தராது, ஸ்ட்ரிங்காகத் தரும். ரீடைரக்ட் வந்தால் தானாகத் தொடராது. நீங்க எதுவும் சொல்லலைன்னா, இணைப்புக்கு 60 விநாடி, பதிலுக்கு 60 விநாடி வரை காத்திருக்கும். ட்ரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் ஏபிஐகிட்ட அடுத்த பஸ் எப்போன்னு கேட்டுட்டு ஒரு நிமிஷம் நின்னா, பஸ்ஸே போயிடும்.

அதனால ஒரு மெல்லிய ஜெம் வச்சுக்கிறதுல தப்பில்லை. எதை என்பதுதான் கேள்வி. ஹெச்டிடிபார்ட்டி வசதியானது, ஆனா ஜேசன் மட்டுமே பேசுற ப்ராஜெக்டுக்குள்ளும் எக்ஸ்எம்எல்லுக்கான ஒரு ஜெம்மைக் கூட்டிட்டு வரும். ஃபேரடேயில் மிடில்வேர், அடாப்டர் என்று அடுக்குகள் உண்டு. பத்து சர்வீஸோடு பேசும் பெரிய சிஸ்டத்துக்கு அது சரி. ஒரே ஏபிஐக்கு என்றால், ரெண்டு பேர் டீ குடிக்க கல்யாண மண்டபம் பிடிச்ச மாதிரி.

ஏன் இவ்வளவு கறாரா பேசுறேன்? 2019 ஆகஸ்டில் ரெஸ்ட்-கிளையன்ட் என்ற பிரபலமான ஜெம்முக்கு நடந்ததைப் பாருங்க. அதன் பராமரிப்பாளர் ஒருவரின் ரூபிஜெம்ஸ் கணக்கு வேறொருவர் கைக்குப் போனது. 1.6.13 என்று ஒரு பதிப்பு, பழைய வரிசையில் சத்தமில்லாமல் ஏறியது. ப்ரொடக்‌ஷனில் ஓடினால், அது பேஸ்ட்பின்னிலிருந்து வேறு கோடை இறக்கி ஓட்டும். என்விரான்மென்ட் வேரியபிள்களை வெளியே அனுப்பும். ஏபிஐ கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எல்லாம் நாம அங்கதானே வைக்கிறோம்?

சின்ன லைப்ரரிக்கு இது நடக்காதுன்னு நான் சொல்லலை. ஆனா ஒவ்வொரு ஜெம்மும் உங்க வீட்டுக்கு இன்னொரு கதவு. அதன் சாவி நீங்க பார்த்தே இராத ஒருவர்கிட்ட. கதவு குறைவா இருந்தா, புதுப் பதிப்பு வரும்போது என்ன மாறியிருக்குன்னு உட்கார்ந்து படிக்க முடியும். நாற்பது ஜெம் இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க.

இன்னொரு காரணம் என் தொழில். ஒப்பந்தம் முடிஞ்சா நான் கிளம்பிடுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்தா எழுந்திரிக்கிறது எனக்குப் பின்னால் வந்த ஜூனியர். அந்த நேரத்துல அவங்க படிக்க வேண்டியது முந்நூறு வரியா, முப்பதாயிரம் வரியா என்பதை நான்தான் இப்போ முடிவு பண்றேன்.

எந்த ஜெம் எடுத்தாலும், அதைச் சுத்தி உங்களுடைய ஒரு சின்ன கிளாஸ் எழுதுங்க. டைம்அவுட்டை நீங்களே வையுங்க. ஸ்டேட்டஸைப் பாருங்க: ஹெச்டிடிபார்ட்டியும் சரி, ஃபேரடேயும் சரி, நீங்க கேட்காத வரை 404க்கு எக்ஸெப்ஷன் எழுப்பாது. சர்வர் விழுந்தா ஜேசனுக்குப் பதில் ஹெச்டிஎம்எல் பக்கம் வரலாம், அதையும் பிடிங்க. 429 வந்தா, ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர் சொல்ற நேரம் வரை பொறுங்க. போஸ்டைக் கண்ணை மூடிட்டு ரிட்ரை பண்ணாதீங்க, ஒரே ஆர்டர் ரெண்டு தடவை போயிடும். இவ்வளவும் ஒரே ஃபைலில் இருந்தா, நாளைக்கு ஜெம்மை மாத்தணும்னாலும் அந்த ஒரு ஃபைலோட வேலை முடிஞ்சிடும்.

இந்த வீக்கெண்ட் உங்க ஜெம்ஃபைல் லாக்கைத் திறங்க. ஒவ்வொரு பேரையும் பார்த்து "நீ எதுக்கு இங்க இருக்க?"னு கேளுங்க. பதில் தெரியாத பேர் எத்தனைன்னு எனக்கு ரிப்ளை பண்ணுங்க. அடுத்த எபிசோடில் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.