ஆசீர்வாதம் வாடகை கட்டாது

செம்பூரில் பேங்க் வேலைக்கு வந்த பையன் பேயிங் கெஸ்டாகத் தங்கினால் டெபாசிட் கொடுக்கிறான், மாதாமாதம் வாடகையும் கொடுக்கிறான். மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் முன்பணம் கட்டுகிறான். அதை அன்பில்லாத காரியம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊழியத்துக்குப் படிக்க ஊரிலிருந்து வருகிற தம்பியைத் தாராவியில் ஒரு விசுவாசி வீட்டில் தங்கவைக்கும்போது மட்டும் காசுப் பேச்சே வரக்கூடாதாம். வந்தால் விசுவாசக் குறைவு!

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, 90 அடி ரோட்டுப் பக்கம். பத்துக்குப் பத்து ரூம், மேலே பலகை போட்ட ஒரு தட்டு. அண்ணன் தையல் வேலை, அக்கா வீட்டிலேயே பீஸ் வேலை. சபையில் கேட்டார்கள், இவர்களும் சரி என்றார்கள். போதகர் கேட்டால் முடியாது என்று சொல்ல நம் ஜனங்களுக்கு வாய் வராது. தம்பிக்கு மேல்தட்டு. பத்தாவது படிக்கிற மகள் பக்கத்து வீட்டு ஆச்சியோடு போய்ப் படுத்தாள். அவள் புத்தகம் இருந்த பலகையில் கிரேக்க அகராதி வந்து உட்கார்ந்தது. இரண்டு வருஷம்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பையன். காலையில் தண்ணீர் வரும்போது குடத்தைத் தூக்கப் போனான். "நாளைக்கு ஐயராகப் போற பிள்ளை குடம் தூக்கலாமா? வை தம்பி" என்று அக்காவே பிடுங்கிக்கொண்டார். அவர் அப்படித்தான் சொல்வார், அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம். அந்தக் குடத்தை அப்புறம் தூக்கியது மகள்.

இதைப் பேசினால் உடனே சாறிபாத் விதவையை இழுத்து வருவார்கள். எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தாள், அவள் பானையில் மா குறையவே இல்லையே என்று. சரிதான். ஆனால் அந்த அக்கா வீட்டு அரிசி டப்பா குறைந்தது ஐயா! மாசம் இருபதாம் தேதிக்குமேல் கடையில் கடன் சொன்னது எனக்குத் தெரியும்.

பவுலைப் பற்றி ஏன் பேசுவதில்லை? கொரிந்துவில் அவர் தங்கினது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில். கிலவுதியு ராயன் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வந்தவர்கள், நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்த குடும்பம். தொழில் கூடாரம் பண்ணுவது. பவுலும் அதே தொழில்காரர். அந்த வீட்டில் தங்கி அவர்களோடு வேலை செய்தார். தோலும் தையலுமாய் இருக்கிற தாராவிக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறென்ன வேண்டும்? ஆதிச் சபையின் டிடாக்கே என்ற நூல் இன்னும் கறார். ஊர் சுற்றி வருகிற அப்போஸ்தலர் மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி, நிலையாகத் தங்க வருகிறவன் கைத்தொழில் தெரிந்தவனானால் வேலை செய்து சாப்பிடட்டும் என்கிறது. (நம்ம ஆட்கள் பல பேர் தேறமாட்டார்கள்.)

வீட்டில் தங்கிப் படிப்பதே வேண்டாம், ஹாஸ்டல் கட்டு என்று நான் சொல்லவில்லை. 1969-ல் தொடங்கிய மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, மாணவர்களை வளாகத்துக்கு வெளியே சேரிகளிலும் கிராமங்களிலும் தங்கிப் படிக்க அனுப்பிய கல்லூரி. அங்கே பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, 2005-ல் காலமான நம்ம 'பரட்டை', 'ஒரு உலை' என்பதையே இறையியலாகப் பேசினார். எல்லாரும் ஒரே பானையில் பொங்கிப் பகிர்ந்து சாப்பிட்டால் பசியும் போகும், சாதியும் போகும் என்பது அதன் சாரம். உலை எல்லாருக்கும் என்றால் அதில் அரிசி போடுவதும் எல்லார் பொறுப்புதானே? ஒரு வீட்டு உலையில் ஊழியம் முழுவதையும் வேகவைப்பதற்குப் பெயர் ஒரு உலை இல்லை.

சாதி என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பிக்கு 'ஏற்ற வீடு' பார்ப்பது என்று ஒன்று நடக்கிறதே, அது என்ன? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டுத்தான் வீடு ஒதுக்குகிறார்கள். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தும் அந்தத் தெருவைச் சுருட்டிக் கூடவே கொண்டுவந்திருக்கிறோம். நாளைக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து கொடுக்கப் போகிறவன், இன்றைக்கு யார் வீட்டுச் சோறு சாப்பிடலாம் என்று கமிட்டி முடிவு செய்கிறது.

ஜூனில் அடுத்த செட் பிள்ளைகள் வருவார்கள். கமிட்டியில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், கன்வென்ஷன் பந்தலுக்கும் சவுண்ட் சிஸ்டத்துக்கும் ஒதுக்குகிற பணத்தில், தம்பியின் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் மாதம் ஒரு தொகை எழுதுங்கள். அதை அந்த வீட்டு அம்மா கையில் கொடுங்கள், அண்ணன் கையில் வேண்டாம். வீட்டைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டை அந்த வருஷம் விட்டுவிடுங்கள். தண்ணீர்க்குடத்தைத் தம்பி தூக்கட்டும்.