கருங்கல்லுக்கு ஒரு நர்ஸ் வேண்டும்

குமரி மாவட்டத்தில் கருங்கல், திக்கணங்கோடு, பாலப்பள்ளம், மத்திக்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும், நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளை ஒன்றாவது இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். மஸ்கட்டில், குவைத்தில், லண்டனில் இருக்கிறார்கள். இப்போது ஜெர்மனியும் சேர்ந்துவிட்டது. ஜெர்மன் மொழியை மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, அந்த நாட்டு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய மாடி வீடுகளில் அப்பனும் அம்மையும் இரண்டே பேராக இருக்கிறார்கள். இருவரில் ஒருவர் வழுக்கி விழுந்தால், பிடித்துத் தூக்க மற்றவருக்கு வலு இல்லை. ஊர் ஊருக்கு நர்ஸ் அனுப்பும் மண்ணில், படுக்கையில் கிடக்கும் பெரியவரைப் பார்க்க ஒரு நர்ஸ் கிடைக்காமல் குடும்பங்கள் அலைகின்றன. இந்த அலைச்சலை இனியும் அந்தந்த வீட்டுச் சங்கதி என்று விட்டுவிடக் கூடாது.

இந்த அலைச்சல் பெரும்பாலும் குளியலறையில்தான் தொடங்குகிறது. எண்பது வயது அம்மை விழுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. சில நாளில் டிஸ்சார்ஜ் எழுதிவிடுகிறார்கள். குடும்பம் திகைத்து நிற்பது அந்த நேரத்தில்தான். "அம்மைய வீட்டுக்குக் கொண்டு போனா ராத்திரி யாரு பாப்பா? எனக்கே நடுவலி" என்கிறாள் உள்ளூரில் இருக்கும் மகள். "பணத்தப் பத்தி நீ யோசிக்காண்டாம் மக்கா, நல்ல ஆளாப் பாரு" என்கிறார் வெளிநாட்டில் இருக்கும் அண்ணன். இரண்டு பேரும் மனதாரத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்த 'நல்ல ஆள்' எங்கே இருக்கிறார், அவருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்பதற்கு நம் நாட்டில் எந்த ஏற்பாடும் இல்லை.

காப்பீடு இருக்கிறதே என்று நினைப்போம். 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமானம் பார்க்காமல், 70 வயது நிறைந்த எல்லாருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பணம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களுக்கானது. வீட்டுக்கு வந்தபின் முதல் 15 நாள் மருந்துச் செலவு வரை கை கொடுக்கும். பதினாறாம் நாளிலிருந்து டயப்பர், ஏர் பெட், மூக்குக்குழாய் மாற்றுவது, ராத்திரி காவல் எல்லாம் குடும்பத்தின் தலையில். தனியார் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. பிழைக்க வைக்கும் செலவுக்கு வழி இருக்கிறது. பிழைத்தவர் இன்னும் ஐந்தாண்டு வாழ்வதற்கான செலவுக்கு வழி இல்லை.

அந்தச் செலவு லேசானதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் கூட இருக்கும் ஹோம் நர்ஸ் என்றால் மாதம் 20,000 ரூபாயைச் சுற்றி ஆகிவிடுகிறது. ஏஜென்சி கமிஷன் தனி. முதியோர் உதவித்தொகை 2023-ல்தான் 1,200 ரூபாய்க்கு உயர்ந்தது. அதில் மத்திய அரசின் பங்கு 80 வயது வரை 200 ரூபாய், அதற்கு மேல் 500. கல்ப் பணம் வரும் வீட்டை விடுங்கள். முந்திரி ஆலையில் முப்பது வருஷம் குந்தியிருந்து பருப்பு உடைத்து முழங்கால் போன அம்மைக்கும், பனையேறிய பாட்டாவுக்கும், தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் வலை இழுத்தவருக்கும் இந்த 1,200 ரூபாயை வைத்துக்கொண்டு எந்த ஹோம் நர்ஸைக் கூப்பிடுவது?

ஆகவே வேலை மகள் தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது. சொத்துப் பாகம் வைக்கும்போது சென்ட் கணக்கில் அளந்து பிரிக்கும் குடும்பங்கள், அம்மையைத் திருப்பிப் படுக்க வைக்கும் வேலையை மட்டும் கணக்கில் எழுதுவதே இல்லை. அதற்காக வேலையை விட்டவளின் சம்பளம், அவள் தூங்காத ராத்திரி, அவளுடைய நடுவலி எதுவும் எந்தப் பத்திரத்திலும் வருவதில்லை. கூடப்பிறந்தவர்கள் உட்கார்ந்து பேசுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் ஆளுக்கான பணத்தை அனுப்புவதோடு, உள்ளூரில் பார்த்துக்கொள்பவருக்கும் மாதம் ஒரு தொகை கொடுக்க வேண்டும். அம்மையைப் பார்க்கக் கூலியா என்று கேட்பவர்கள், ஒரு மாதம் லீவு போட்டு வந்து தாங்களே பார்த்துவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

முதியோர் இல்லத்தில் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருக்கிறது. ஊர் சொல்லிவிட்டுப் போகட்டும். ராத்திரி கவனிக்க ஆளில்லாமல் வீட்டில் புண் வைத்துக் கிடப்பதைவிட, கவனிக்கிற இடத்தில் இருப்பது அம்மைக்கு நல்லது. ஆனால் எந்த இடம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முதியோர் இல்லம் என்ற பெயரில் நடப்பவை பல, எழுந்து நடமாடுகிறவர்களுக்கான தங்குமிடங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவரைப் பார்க்க அங்கே ஆளும் இல்லை, பயிற்சியும் இல்லை.

போய்ப் பார்க்கும்போது முன்னறையில் நாற்காலி போட்டுப் பேசுவதோடு திரும்பிவிடாதீர்கள். படுக்கையில் இருப்பவர்களின் அறைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வேண்டும், குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்க வேண்டும். முதுகின் அடிப்பக்கம் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே புண் தொடங்கிவிட்டது. மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைமாட்டை உயர்த்தி வைக்கிறார்களா, கொடுத்து முடித்து அரை மணி நேரமாவது அப்படியே விடுகிறார்களா என்று பாருங்கள். உடனே படுக்க வைத்தால் நெஞ்சுக்குள் ஏறி நிமோனியா வரலாம். இதெல்லாம் பெரிய மருத்துவமில்லை. ஆனால் இதைச் செய்ய ராத்திரி ஒரு மணிக்கும் ஆள் விழித்திருக்க வேண்டும். ராத்திரி எத்தனை பேர், அவர்களில் நர்ஸ் படிப்பு படித்துப் பதிவு செய்தவர் யார் என்று நேராகவே கேளுங்கள். அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கூட வருவது? டெபாசிட் திரும்பி வருமா? டயப்பரும் மருந்தும் மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? பதிவுச் சான்றிதழ் எங்கே? இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் கைவிட்டவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கருங்கல்காரர்கள் பத்மநாபபுரம் சப்-கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடக்க முடியாதவர் தம் சார்பில் வேறொருவரை அனுப்பலாம். குறை, உச்சவரம்பில் இருக்கிறது: மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. 2007-ல் வைத்த தொகை அது. அதை எடுத்துவிட 2019-ல் நாடாளுமன்றத்தில் வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. ஹோம் நர்ஸ் சம்பளத்தில் பாதியளவே தேறும் தொகையை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருப்பது?

இஷ்டதானம் எழுதும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பேரில் எழுதும்போது, 'ஆயுள் வரை என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். நிபந்தனை இருந்து, பிள்ளை பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வாய்ச்சொல்லை நம்பாமல் எழுதி வைப்பதே புத்தி.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களோடு ஒரே ராஜ்யத்தில் இருந்தவர்கள். 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய வலி நிவாரண சேவை ஊர் ஊராகப் பரவி, 2008-ல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. இன்று அங்கே பஞ்சாயத்து தன் நிதியிலிருந்து பாலியேட்டிவ் நர்ஸை வைத்து, படுக்கையில் இருப்பவரை வீடு தேடிப் பார்க்கிறது. குழாய் மாற்றுகிறார்கள், புண் கட்டுகிறார்கள், பார்த்துக்கொள்ளும் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்தச் சேவையைத் தருகிறது. ஆனால் பாலியேட்டிவ் நர்ஸ் நமக்கு வட்டார அளவில்தான். ஒரு வட்டாரத்தில் எத்தனை ஊர், எத்தனை படுக்கை! ஜப்பான் 2000-லும் ஜெர்மனி 1995-லும் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. ஜப்பானில் நாற்பது வயதானவர் எல்லாரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் ஜெர்மனியில் வாங்கும் சம்பளத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு காப்பீட்டுப் பணம் இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் பதினெட்டு பேராகும் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. நெய்யூரில் 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி எழும்பிய வட்டாரம் இது. தலைமுறை தலைமுறையாக நோயாளியைத் தொட்டுப் பழகிய கைகள் இங்கே உண்டு. படித்துவிட்டு, குழந்தைகளுக்காக வெளிநாடு போகாமல் வீட்டில் இருக்கும் நர்ஸ்கள் இந்த ஊர்களிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காலையில் நாலு மணி நேர வேலை, நியாயமான சம்பளம், ஸ்கூட்டர் பெட்ரோலுக்குக் காசு என்றால் வருவார்கள்.

எனவே கேட்க வேண்டியது இதுதான்: கிள்ளியூர் வட்டாரத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும், கருங்கல் போன்ற ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், தாலுகா அரசு ஆஸ்பத்திரியில் நீண்டநாள் படுக்கையாளர்களுக்கென்று சில கட்டில்கள், பராமரிப்புத் தொகையின் 10,000 ரூபாய் வரம்பை நீக்குவது. முதல் கோரிக்கைக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. ஊராட்சிகளில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, உங்கள் வார்டில் எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைச் சொல்லி, தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அதற்குள் யாருக்காவது உடனடி உதவி தேவைப்பட்டால், மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. கட்டணம் இல்லை.