கூடம் கோணலா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாட்டியம் ஆடுபவளைப் பற்றிய பழமொழி என்றே இதுநாள் வரை நான் எண்ணியிருந்தேன். கணினியில் ஆடுபவருக்கும் அது பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையிலேதான் உணர்ந்தேன்.

தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் இலட்சக்கணக்கில் அதனால் பயன் பெற்றனர். அக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸ் என்னும் இயங்குதளமும் வைக்கப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ் நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. லினக்ஸைக் கட்டற்ற மென்பொருள் என்பர். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். விலை கொடுக்க வேண்டியதில்லை. ஒளித்து வைக்கவும் ஒன்றுமில்லை.

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலே வாழும் என் பெரியம்மா மகள், பிளஸ் டூ படிக்கையில் இந்த மடிக்கணினியைப் பெற்றாள். அவள் கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றதும், "நீங்கள் வைத்துப் படியுங்கள்" என்று அதை எங்களிடம் தந்துவிட்டாள். "என் வகுப்பில் சிலர் கணினி கைக்கு வந்த முதல் வாரத்திலேயே லினக்ஸை அழித்துவிட்டார்கள். கேட்டால், அதில் கேம் ஓடாது என்பார்கள்" என்றும் சொன்னாள். அந்தச் சொல்லை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை.

அந்தக் கணினியிலிருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே விடுமுறையிலே, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தம்பியும் நானும், பழைய கணினிக்கு ஏற்ற லுபுண்டு என்னும் லினக்ஸைப் பென்டிரைவ் வழியாக நிறுவினோம். தம்பி உடனே 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்ற கார்ப் பந்தய விளையாட்டைப் போட்டான். பென்குயின் பறவை வண்டி ஓட்டும் அழகான விளையாட்டு அது. ஆனால் வண்டி ஓடவில்லை, ஊர்ந்தது! திரையின் மூலையில் நொடிக்கு 5 படம் என்று காட்டியது. கண்ணுக்குச் சீராகத் தெரிய வேண்டுமானால் 30 படமாவது வேண்டும்.

"அக்கா, இந்த லினக்ஸ் வேஸ்ட்டுக்கா. அழிச்சிடுவோம்" என்றான் தம்பி.

இருவரும் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே ஒரு கடைக்காரர், "லினக்ஸிலே கேம் எல்லாம் ஓடாது பாப்பா. முந்நூறு ரூபாய் கொடு, புது விண்டோஸ் போட்டுத் தாரேன்" என்றார். "உரிமம் உண்டா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குப் புரிந்தது. பத்துக் கட்டளைகளில் ஏழாவதை மறைக்கல்வி வகுப்பிலே மனப்பாடம் செய்தவள் நான். பிறர் உழைத்து எழுதி விலை வைத்த மென்பொருளை விலையின்றி நகலெடுப்பது திருட்டு அல்லாமல் வேறென்ன? கணினியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பள்ளி திறந்ததும் எங்கள் கணினி ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் கணினியைக் கொண்டு வரச் சொல்லி, ஒரு கட்டளையைத் தட்டினார். திரையில் 'எல்எல்விஎம்பைப்' என்ற சொல் வந்தது. "பார்த்தாயா? உன் கணினியின் வரைகலைப் பகுதி தூங்குகிறது. படம் வரைகிற வேலை முழுவதையும் செயலியே தனியாகச் செய்கிறது. சமையற்காரரே பந்தியும் பரிமாறினால் பந்தி எப்போது முடியும்?" என்றார்.

ஏன் தூங்கிற்று? குற்றம் எங்களுடையதே. நிறுவும்போது முதல் திரையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வழக்கமானது, மற்றது 'சேஃப் கிராஃபிக்ஸ்'. பாதுகாப்பானது நல்லதுதானே என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். அதுவோ, திரையே தெரியாத கணினிகளுக்காக வைத்த அவசர வழி. அது வரைகலையின் டிரைவரை எழுப்பாமலே கணினியைத் தொடங்கும். 'நோமோட்செட்' என்ற ஒற்றைச் சொல்லைத் தொடக்க அமைப்பில் எழுதி வைத்துவிடும். ஆசிரியை அந்தச் சொல்லை நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கினார். அதே கணினி, அதே லினக்ஸ், அதே விளையாட்டு. படங்களின் நுணுக்கத்தைச் சற்றே குறைத்ததும் நொடிக்கு 30 படத்தைத் தாண்டியது. கூடம் கோணலாக இல்லை. விளக்கை அணைத்து வைத்துவிட்டு நாங்கள்தான் இருட்டிலே ஆடியிருக்கிறோம்!

அன்றிலிருந்து ஆசிரியையிடம் கேட்டும் நானே தேடியும் அறிந்த சிலவற்றைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மலிவான மடிக்கணினிகளில் வரைகலைக்கென்று தனி அட்டை இருப்பதில்லை. செயலியின் உள்ளேயே அது ஒரு பகுதியாக அமைந்திருக்கும். அதற்கென்று தனி நினைவகமும் கிடையாது. செயலி பயன்படுத்தும் ரேமிலேயே அதுவும் பங்கு கேட்கும். நம் பெரியாற்றுப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். கால்வாய் ஒன்றுதான். தலைமடை வயல்கள் குடித்து மிஞ்சியதே மேலூர்ப் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேரும். கடைமடை காய்ந்தால் விதை நெல்லைக் குறை சொல்லிப் பயனுண்டா? டிடிஆர் 3-1600 என்னும் ரேம் அட்டை ஒன்று நொடிக்கு 12.8 ஜிகாபைட் அளவே தர முடியும். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 போன்ற எளிய தனி அட்டைக்கோ தன் சொந்த நினைவகத்திலிருந்து 112 ஜிகாபைட் வரை கிடைக்கிறது. ஆகவே உட்செயலி வரைகலை திணறுவதற்குப் பாதை குறுகியிருப்பது ஒரு முக்கியக் காரணம். விண்டோஸ் போட்டாலும் அந்தப் பாதை அகலப் போவதில்லை.

ஆனால் பாதையை நாம் அகலமாக்கலாம். மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் அட்டைக்கு இரண்டு இடங்கள் உண்டு. சிலவற்றில் ஒன்றை வெறுமையாக விட்டிருப்பார்கள். அங்கே அதே அளவுள்ள இன்னொரு அட்டையைச் செருகினால் இரண்டாவது மதகு திறந்ததுபோல் ஆகும். 12.8 என்பது 25.6 ஆகும். என் அப்பா பழைய அட்டை ஒன்றை வாங்கித் தந்தார். 2 ஜிகாபைட் ரேம் 4 ஆனதும் விளையாட்டு மட்டுமன்றி என் பாடவேலையும் விரைவாயிற்று.

அப்படியானால் லினக்ஸில் ஒரு குறையும் இல்லையா? உண்டு. உண்மையை மறைத்து ஒன்றைப் புகழ்வது அதற்கு நாம் செய்யும் நன்மையாகாது. பெரிய விளையாட்டுகள் பலவும் விண்டோஸுக்கென்றே எழுதப்படுகின்றன. அவற்றை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய 'வைன்', 2018-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'புரோட்டான்' ஆகியவை மொழிபெயர்ப்பாளர் போல உதவுகின்றன. இவை இன்று 'வல்கன்' என்னும் வரைகலை முறையையே பெரிதும் நம்பியுள்ளன. பத்தாண்டுகளுக்கு முற்பட்ட இன்டெல் வரைகலை பலவற்றில் வல்கன் முழுமையாக இல்லை. ஆகவே தம்பி ஆசைப்பட்ட பெரிய விளையாட்டு எங்கள் கணினியில் ஓடவே இல்லை. அந்த அளவில் கூடம் கோணல்தான். அதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன்.

எனினும் கோணலுக்குக் காரணம் கட்டற்ற மென்பொருளா? அல்ல என்பதற்கு ஒரு சான்று போதும். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்க விளையாட்டுக் கணினியை வெளியிட்டது. அதிலும் தனி வரைகலை அட்டை இல்லை. செயலியோடு இணைந்த வரைகலையே உள்ளது. அதில் இயங்குவதும் லினக்ஸே. ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் அதிலே ஓடுகின்றன. நினைவகப் பாதை நொடிக்கு 88 ஜிகாபைட், டிரைவர் புதியது, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். வேறுபாட்டுக்கு இவையெல்லாம் காரணம். அந்த டிரைவருக்கு அடித்தளமான 'மெசா' என்ற கட்டற்ற மென்பொருளை 1993-இல் பிரையன் பால் என்பவர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். பின்னர் பலர் கை கொடுக்க அது வளர்ந்தது.

"பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு இவள் கேம் பற்றி எழுதுகிறாளே!" என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். என் அம்மாவும் இதையேதான் கேட்டார்கள். நான் முழுநேரமும் விளையாடச் சொல்லவில்லை. ஆனால் விளையாட்டு அற்பமான காரியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று பணிவுடன் வேண்டுகிறேன். லினக்ஸை மாணவர் அழித்தது அதில் கணக்குப் போட முடியாததால் அன்று, பாடம் எழுத முடியாததாலும் அன்று. விளையாட்டு தடுமாறியது என்ற ஒரே காரணத்தால் அழித்தார்கள். விளையாட்டோடு சேர்ந்து அதிலிருந்த கல்வி மென்பொருள்கள் எல்லாமும் போயின. படிப்பதற்கென்றே கணினியைக் கொடுத்தவர்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். ஆடத் தெரியாதவளைப் பழித்தோமே, அவளுக்கு ஆடக் கற்றுக் கொடுத்தவர் யார்?

புனித தொன் போஸ்கோ சிறு வயதிலேயே வித்தைகள் செய்து காட்டிச் சிறுவரைச் சேர்த்து, பிறகு அவர்களைச் செபத்துக்கு அழைத்தார் என்று நம் அருட்சகோதரியர் சொல்லித் தந்திருக்கிறார்கள். பின்னாளில் தூரின் நகரிலே அவர் நடத்திய இல்லத்திலும் விளையாட்டுக்குத் தனி இடம் இருந்தது. பிள்ளைகள் நேசிப்பதை நாம் நேசித்தால், நாம் நேசிப்பதை அவர்களும் நேசிப்பார்கள் என்பது அவருடைய வழி. விளையாட்டு வாயிற்படி. வாயிற்படியிலே பிள்ளை தடுக்கி விழுந்தால் வீட்டுக்குள் எப்படி வருவாள்?

2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. இன்னொரு புறம், விண்டோஸ் 10-க்கு வழங்கி வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. புதுக்கணினி வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு லினக்ஸ் ஓர் உண்மையான வழி. அதைப் பிள்ளைகள் வெறுத்து ஒதுக்கினால் இழப்பு பணக்காரருக்கு அன்று, ஏழைக்கே.

ஆகவே என் கருத்துகள் மூன்று. முதலாவது, மடிக்கணினி வழங்கும் நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்கி, வரைகலை டிரைவர் விழித்திருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையெனில் எழுப்பவும் கற்றுத் தர வேண்டும். இரண்டாவது, பள்ளிக் கணினி அறையிலே மாதம் ஒரு முறையாவது லினக்ஸில் நன்றாக ஓடும் நல்ல விளையாட்டுகளை விளையாட விட வேண்டும். சிறியவர்களுக்குக் 'ஜிகாம்ப்ரிஸ்' இருக்கிறது, பெரியவர்களுக்குச் 'சூப்பர்டக்ஸ்கார்ட்' இருக்கிறது. மூன்றாவது நம்மைச் சார்ந்தது, தோழியரே! ஒன்று ஓடவில்லை என்றால் அழிக்குமுன் ஏன் என்று கேட்போம். பூட்டிய மென்பொருளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை பாதியிலேயே நின்றுவிடும். கட்டற்ற மென்பொருளிலோ கடைசி வரி வரை படித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

என் தம்பி இப்போது அடுத்த தெருவில் இரண்டு கணினிகளிலிருந்து 'நோமோட்செட்'டை நீக்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் பந்தயத்தில் மட்டும் என்னை ஒருநாளும் முந்த விடுவதில்லை. அதற்குக் கூடத்தைக் குறை சொல்ல மாட்டேன். நான் இன்னும் ஆடக் கற்க வேண்டும்!