புயல் அடிச்சா மீன் கூடுமா? கடலுக்கு உரம் போடும் காற்று... கரையில் முடங்கும் படகு!

நாகப்பட்டினம்:

ஐப்பசி, கார்த்திகை வந்துட்டாலே டெல்டா கடற்கரை மக்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வங்கக்கடலில் எங்கே சுழற்சி உருவாகுது, எந்தப் பக்கம் திரும்புது என்பதே பேச்சாக இருக்கும். புயல் கரையைக் கடந்த பிறகு பேச்சு மாறிவிடும். "கடல் புரண்டு கிடக்கு. இனிமே மீன்பாடு நல்லா இருக்கும்" என்பார்கள் துறைமுகத்துப் பெரியவர்கள்.

இது ஆறுதலுக்குச் சொல்வதா, உண்மையா? பாதி உண்மை. அந்தப் பாதி என்ன, மீதிப் பாதி ஏன் மீனவர் கைக்கு வருவதில்லை என்று பார்ப்போம்.

அடியில் உரம்... மேலே பட்டினி!

வயலில் பயிர் வளர தழைச்சத்து, மணிச்சத்து வேண்டும். கடலிலும் அதே கதைதான். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி வளரும். இதைத்தான் தாவர பிளாங்க்டன் என்கிறார்கள். அதைத் தின்று நுண்ணிய கடல் பூச்சிகள் வளரும். பாசியையும் பூச்சியையும் தின்று மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி வளரும். அதைத் தின்ன வஞ்சிரமும் சூரையும் வரும்.

சிக்கல் என்னவென்றால், வெயில் கடலின் மேல்பகுதியில் இருக்கிறது. சத்தோ ஆழத்தில் கிடக்கிறது. வங்கக்கடலில் இது இன்னும் மோசம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் எல்லாம் இங்கேதான் நன்னீரைக் கொட்டுகின்றன. மழையும் அதிகம். இந்த நன்னீர் உப்புநீரை விட லேசானது. அதனால் கடல் மேல் மூடி போட்ட மாதிரி மிதக்கிறது. சாதாரண காற்று இந்த மூடியைத் திறக்க முடியாது. சத்து கீழேயே பூட்டிக் கிடக்கும்.

அந்தப் பூட்டை உடைக்கிற ஆள்தான் புயல்!

எப்படி நடக்குது?

புயல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, காற்றும் அலையும் மேல்நீரைத் தயிர் கடைவது போல் கடைகிறது. இரண்டு, புயலின் சுழற்சி மேல்நீரை மையத்தில் இருந்து வெளியே தள்ளுகிறது. காலியான இடத்துக்கு ஆழத்து நீர் எழும்பி வருகிறது. அந்த நீர் குளிர்ச்சியானது, சத்து நிறைந்தது. புயல் போய், மேகம் விலகி வெயில் விழுந்ததும் பாசி கிடுகிடுவென்று பெருகும். சில நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும்.

இதற்குப் பெரிய உதாரணம் தென்சீனக்கடலில் 2000-ம் ஆண்டு ஜூலையில் வந்த காய்-டாக் புயல். ஏறக்குறைய 3 நாள் நகராமல் ஒரே பகுதியில் சுற்றியது. கடல்நீர் 9 டிகிரிக்கு மேல் குளிர்ந்தது. மேல்நீரில் பாசியின் பச்சையம் சராசரியாக 30 மடங்கு கூடியது. தைவான் விஞ்ஞானிகள் 2003-ல் இதை வெளியிட்டபோது கடலியல் உலகமே திரும்பிப் பார்த்தது.

நம்ம கடலிலும் ஆதாரம் இருக்கிறது. 1999 அக்டோபர் 29-ந்தேதி ஒடிசாவைச் சூறையாடிய சூப்பர் புயலுக்குப் பிறகு, பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னை கடல் பகுதியில் பாசி உற்பத்தி கூடியதை தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தென்மேற்கு வங்கக்கடலில் பாசி பூப்பதையும், புயல் வந்தால் அது இன்னும் தீவிரமாவதையும் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வு 2003-ல் காட்டியது.

எல்லாப் புயலும் ஒன்றல்ல!

ஆக, பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கு. ஆனா அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. 3 காரணங்கள்.

வேகம்: மெதுவாக நகரும் புயல்தான் ஆழத்து நீரை நன்றாக இழுக்கும். வேகமாக ஓடும் புயல் எவ்வளவு பலமாக இருந்தாலும் கடலைக் கலக்க நேரம் கிடைக்காது. நன்னீர் மூடி தடிமனாக இருந்தாலும் சத்து மேலே வராது.

பழைய பாசி: மேலே தெரியும் பச்சை எல்லாமே புது விளைச்சல் அல்ல. ஆழத்தில் ஏற்கனவே இருந்த பாசியும் கலங்கி மேலே வந்திருக்கும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹூட்ஹூட் புயலின்போது, கடலுக்குள் ஏறி இறங்கி அளக்கும் மிதவைக் கருவி இதைப் புரிய வைத்தது.

தூரம்: பாசி பூப்பது பெரும்பாலும் புயல் வந்த வழியில், நடுக்கடலில். ஃபைபர் படகுக்காரர் அவ்வளவு தூரம் போவதில்லை. கரையோரமோ வெள்ளச் சேறு கலந்து கலங்கிக் கிடக்கும். கலங்கிய நீரில் வெயில் இறங்காது, பாசியும் சட்டென்று வளராது.

கடல் கொடுக்குது... வாங்கப் படகு இல்லை!

வேதனை இங்கேதான். 2018 நவம்பர் 16-ந்தேதி அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. படகு, என்ஜின், வலை மூன்றையும் இழந்தவர்கள் திரும்பக் கடலுக்குப் போக வாரக்கணக்கு ஆனது. பலருக்கு மாதக்கணக்கு. பாசியின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம். சேதக் கணக்கெடுப்பு முடிந்து, பணம் வந்து, படகைச் சரிசெய்து இறக்கும்போது கடல் பழைய நிலைக்குப் போயிருக்கும். படகு தப்பியவருக்கு வேட்டை, படகு போனவருக்குக் கடன்!

இன்னொன்று. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் மீன் கிடைக்கும் இடங்களை அறிவிக்கிறது. கடல்நீரின் நிறத்தையும் வெப்பத்தையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்துத்தான் இதைச் சொல்கிறார்கள். மேகம் மூடினால் செயற்கைக்கோளால் கடல் நிறத்தைப் பார்க்க முடியாது. புயலை ஒட்டிய நாட்களில் மேகம்தானே அதிகம்? மீனவருக்குத் தகவல் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில் படம் மங்கிப் போகிறது.

மீன் கூடும் என்ற ஆசையில் எச்சரிக்கையை மீறிக் கிளம்புவதும் ஆபத்து. பாசி பூத்த மறுநாளே மீன் வந்து நிற்காது. பூச்சி பெருக வேண்டும், அதைத் தேடி மீன் கூட வேண்டும். அதற்குள் அடுத்த தாழ்வு மண்டலமே வந்துவிடலாம்.

புயல் கடலுக்குப் போடுகிற உரம் இலவசம்தான். ஆனால் அதை அறுவடை செய்ய ஓடுகிற படகு வேண்டும். நிவாரணம் என்றால் அரிசியும் வேட்டி சேலையும் மட்டும் போதாது. என்ஜின் பழுது பார்க்கும் ஆட்களும், வலை வாங்க முன்பணமும் முதல் வாரத்திலேயே கடற்கரைக்கு வர வேண்டும். கடல் யாருக்காகவும் காத்திருக்காது!