லினக்ஸைத் திட்டுமுன் பிழைச்செய்தியைப் படியுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத மடிக்கணினிகள் பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அண்ணனுக்கு வாங்கியது தம்பிக்கு, பிறகு அத்தை மகளுக்கு என்று கைமாறியவை அவை. அவற்றில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களைப் போட்டுத்தரச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால், முன்பே லினக்ஸுக்கு மாறியவர்கள் வேறொரு புகாரோடு வருகிறார்கள்: “சார், புதுப் பதிப்புக்கு மாத்தினேன், எல்லாம் கெட்டுப்போச்சு.”

கணினியைத் திறந்து பார்த்தால் அந்த ‘எல்லாம்’ பெரும்பாலும் ஒன்றிரண்டு செயலிகளாகத்தான் இருக்கும். அச்சுப்பொறிக்கான மென்பொருள், காணொளிச் சந்திப்புச் செயலி, எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டு. இவை உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தவை அல்ல. ஏதோ ஒரு நிறுவனத்தின் தளத்திலிருந்து நாமே கொண்டுவந்து சேர்த்தவை. இவற்றை வெளியார் பொதிகள் என்று வைத்துக்கொள்வோம்.

எந்தச் செயலியும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. இணையத்தில் கடவுச்சொல்லை மறையாக்கி அனுப்ப ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பொது நூலகத்தை நாடும். ஒலி எழுப்ப இன்னொரு நூலகம். இதைத்தான் சார்பு என்கிறோம். இயங்குதளத்தின் புதிய பதிப்பு வரும்போது அதன் களஞ்சியத்தில் உள்ள ஆயிரக்கணக்கான பொதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே தயாரிக்கப்படுகின்றன. வெளியார் பொதிக்கு அந்த வரிசையில் இடமில்லை. பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளுக்கென்று வெளிக்கடையில் வாங்கிய புகைக்குழாய், புது மாடலின் திருகுத்துளையில் உட்காராதது போலத்தான்.

உபுண்டு 20.04ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்ததால் பலரும் 22.04க்கு ஏறினார்கள். பழையதில் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1, புதியதில் இருப்பது 3. பழைய செயலியை நிறுவப் போனால், ‘லிப்எஸ்எஸ்எல் 1.1ஐச் சார்ந்துள்ளது, ஆனால் அதை நிறுவ இயலாது’ என்று வரும். யாருக்கு, எது, எந்தப் பதிப்பில் தேவை என்று நோய்க்குறிப்பு முழுவதும் அந்த ஒரே வரியில் இருக்கிறது. அதைப் படிக்காமல் மூடிவிட்டுத்தான் லினக்ஸைத் திட்டுகிறோம்.

அடுத்து நடப்பதுதான் எனக்குக் கவலை. தேடினால் கிடைக்கும் ‘தீர்வுகள்’ மூன்று வகை. சார்பைப் பொருட்படுத்தாமல் வலுக்கட்டாயமாக நிறுவுவது. புதிய நூலகத்துக்குப் பழைய பெயரில் ஓர் இணைப்பு போட்டுச் செயலியை ஏமாற்றுவது. பழைய பதிப்பிலிருந்து நூலகத்தை இறக்கிக் கையால் சேர்ப்பது. முதல் இரண்டும் விரைவில் காலை வாரிவிடும். மூன்றாவது வேலை செய்யும், ஆபத்தும் அதில்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. நீங்கள் கையால் போட்ட கோப்பில் நாளை ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள். 2014இல் இதே நூலகத்தில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை உலகெங்கும் வழங்கிகளின் நினைவகத்திலிருந்த ரகசியங்களைக் கசியவிட்டது. அந்தக் கணினிகளும் வெளிப்பார்வைக்கு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளை பாடம் படிக்கும் அதே மடிக்கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். ஒரு விளையாட்டுக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? உபுண்டுவின் மேம்படுத்தும் கருவி வெளியார் களஞ்சியங்களைத் தானே முடக்கிவிடும். பலருக்கு இது தெரியாது. செயலி அப்படியே இருக்கும், ஆனால் அதற்குப் புதுப்பிப்பு வராது. புதிய பதிப்புக்கான பொதியை அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் களஞ்சியத்தைத் திரும்ப இயக்கினால் போதும். இல்லையென்றால் முரண்டு பிடிக்கும் பொதியை நீக்கிவிட்டு, உடைந்த சார்புகளைச் சரிசெய்யும்படி ஆப்ட் பொதிமேலாளருக்குக் கட்டளையிடுங்கள். அது எவற்றையெல்லாம் நீக்கப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். ‘ஆம்’ என்று தட்டுமுன் அதை வரிவரியாகப் படியுங்கள். மேசைச்சூழலே அதில் இருந்தால் ‘வேண்டாம்’ என்று நிறுத்திவிடுங்கள். பிறகு அதே செயலி பிளாட்பேக் வடிவில் கிடைக்கிறதா என்று தேடலாம். அது தனக்கு வேண்டிய நூலகங்களோடு வரும், வட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும்.

தமிழ் எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் இன்னமும் வெளியே அலைகிறவர்கள் உண்டு. 1999 சென்னை மாநாட்டில் உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை இன்று உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. யூனிகோடு எழுத்துருக்களும் அப்படியே. தமிழில் தட்டச்சு செய்ய ஒரு வெளியார் பொதிகூடத் தேவையில்லை.

இந்த உடைப்புகளை எல்லாம் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. உபுண்டு 24.04இல் பல நூலகங்களின் பெயர்கள் மாறின. லிப்அசவுண்ட் 2 என்ற ஒலி நூலகத்தின் வாலில் ‘டி64’ ஒட்டிக்கொண்டது. பழைய குறிப்பைப் பார்த்து அதை நிறுவப் போனால் அப்படியொரு பொதி இல்லை என்கிறது கணினி. காரணம் அறிவியல் ஆசிரியருக்குப் பிடித்த ஒன்று. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி, 2038 ஜனவரி 19ஆம் தேதி மலேசிய நேரம் காலை 11 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு நிரம்பிவிடும். நேரத்தை 64 பிட்டில் எண்ணும் நூலகங்களைப் பழையவற்றிலிருந்து பிரித்துக்காட்டவே அந்த வால். பதினான்கு ஆண்டுகள் முன்கூட்டியே வேலையைத் தொடங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒருமுறை பொதி கட்டி வெளியிட்டுவிட்டு ஐந்தாண்டு திரும்பிப் பார்க்காத நிறுவனங்களைத்தான் சொல்வேன்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் போட்டுத்தரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியிலிருந்து என்னென்ன சேர்த்தீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டிவிடுங்கள். மேம்படுத்துமுன் டைம்ஷிப்ட் செயலியால் இயங்குதளத்தை ஒரு பதிவெடுங்கள். பிள்ளையின் கோப்புகளைத் தனியாக ஒரு வெளிவட்டில் நகலெடுத்து வையுங்கள். வேலையைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள், எஸ்பிஎம் நடக்கும் வாரத்தில் வேண்டாம்.