சரீர முயற்சியும் நம் கடற்கரையும்

நம் நாட்டார் வரவரச் சோம்பராயினர் என்னும் இரங்கலுரை இக்காலத்தில் மேடைதோறும் கேட்கப்படுகின்றது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியாகும். 163 நாடுகளில் நடந்த 507 விசாரணைகளின் பயனை அது ஒருங்கு திரட்டியது. வாரமொன்றுக்கு 150 நிமிடமேனும் விரைந்த நடை போன்ற மிதமான முயற்சியோ, 75 நிமிடமேனும் கடிய முயற்சியோ செய்யாதாரை அது போதிய அசைவற்றோர் என வகுத்தது. 2022-இல் உலகத்து வயதுவந்தோருள் நூற்றுக்கு 31 பேர் அவ்வகையினர். இந்தியாவிலோ 49 பேர். 2000-ஆம் ஆண்டில் நம் தொகை 22 ஆகவே இருந்தது. இந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேரும் ஆண்களில் 42 பேரும் இக்கணக்கில் அடங்குவர்.

இத்தொகையைக் கண்டவுடன், இயந்திரம் பெருகிற்று, மனிதன் சோம்பினான் என்று முடிவு கட்டுதல் எளிது. அவ்வாராய்ச்சியே அம்முடிவுக்கு இடந்தரவில்லை. மோட்டார் வண்டிகளும் மின்தூக்கிகளும் மலிந்த மேலைநாடுகளில் அசைவற்றோர் நூற்றுக்கு 28 பேரே. ஜப்பான் முதலிய செல்வமிக்க ஆசிய பசிபிக் நாடுகளில் 48. நம்மை உள்ளிட்ட தெற்காசியாவில் 45. ஓஷியானியாத் தீவுகளில் 14. செல்வம் ஒன்றே காரணமாயின் மேலைநாட்டார் முன்னிற்க வேண்டும். வறுமை ஒன்றே காரணமாயின் ஓஷியானியர் நம்மருகே நிற்க வேண்டும். இரண்டும் இல்லை. ஓரிடத்தில் பழைய உழைப்பு எப்போது நீங்கிற்று, அது நீங்கிய இடத்தில் யாது வந்து அமர்ந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி என நாம் கருதுகின்றோம். அதற்கு விடைகாண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தூத்துக்குடித் துறையே போதும்.

வேம்பார் முதல் மணப்பாடு வரை நீண்ட இக்கரையில் ஒரு காலத்தில் உடம்பே முதலாக இருந்தது. முத்துக்குளிப்புப் பருவத்தில் தோணிகள் இரவிலேயே கரைக்காற்றில் பாய்விரித்துப் பார்களை நோக்கிச் செல்லும். பொழுது புலர்ந்ததும் குளியாள் கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் காலூன்றிக் கடலின் அடிக்கு இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பான்; தோணியில் நிற்பவன் அவனை மேலே இழுப்பான். சற்றே இளைப்பாறி மீண்டும் இறங்குவான். பகல் உச்சியாகும் வரை இருவர்க்கும் இதுவே தொழில். துறையிலோ கரையருகே ஆழமில்லை. கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கப் பஞ்சுப் பொதிகளையும் பிற சரக்குகளையும் தோணிகளில் ஏற்றிச் சென்று தோள்வலியால் மாற்றினர். தேரிக்காட்டுப் பனையேறிகள் பதனீர்ப் பருவத்தில் ஒவ்வொரு மரத்தையும் நாளுக்கு இருமுறை ஏறினர். உப்பளங்களில் பெண்கள் பாத்தியினின்று வாரிய உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கரைமேல் குவித்தனர். மீன்கூடை சுமந்தவர் கால்நடையாக உள்நாட்டூர்களுக்குச் சென்று மீண்டனர். இவர்களிடம் சென்று தேகப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றிப் பிரசங்கித்திருந்தால், பிரசங்கியைக் கடலில் தள்ளியிருப்பார்கள்.

இக்கரையில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். சங்கு குளிப்போர் இன்றும் உளர், ஆயினும் சிலரே. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. கப்பல்கள் துறைமதிலை அணைந்து நிற்கத் தொடங்கின. பின்னர்க் கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டிகள் வந்தன. முன்னே ஒரு கூட்டம் ஒரு நாள் முழுதும் சுமந்ததை இப்போது பாரந்தூக்கியின் உச்சியில் அமர்ந்த ஒருவர் ஒரு சில வீச்சில் இறக்குகின்றார். வள்ளங்களில் துடுப்பின் இடத்தைப் பொறி கொண்டது. மீன்காரியின் நடையை மினி லாரியும் ஆட்டோவும் கொண்டன.

இம்மாற்றத்தால் உடலுக்கு வரும் கேட்டை அளந்தோருள் சிலர் துறைமுகத் தொழிலாளரைக் கொண்டே அளந்தனர் என்பது நம் நேயர்கட்குச் சுவை தரும். ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் 1953-இல் லண்டன் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்து, அமர்ந்தே ஓட்டுபவரைவிட ஏறியிறங்கிச் சீட்டு வழங்குபவர்க்கு மாரடைப்புக் குறைவு என்று காட்டினார். பின்னர் அமெரிக்காவில் ரால்ப் பாஃபென்பர்கர் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டு பின்தொடர்ந்த பயனை 1975-இல் வெளியிட்டார். பாரம் ஏற்றி இறக்கியோர் இதயநோயால் இறந்தது இலகுவான வேலை செய்தோரைவிடப் பெரிதும் குறைவு என்பது அதன் முடிவு.

இதைக்கொண்டு, பழைய உழைப்பே நன்று, அதற்கே மீள்வோம் என்று பாடுவாரோடு நாம் சேரமாட்டோம். செவிப்பறை கெட்ட குளியாட்களையும், உப்பின் ஒளியிற் கண் கூசி, உவர்நீரிற் பாதம் புண்ணாகி நிற்கும் உப்பளத் தாய்மாரையும் அறிந்தவர் அவ்வாறு பாடார். 1908-இல் இவ்வூர்க் கோரல் மில் தொழிலாளர் வ. உ. சிதம்பரனாரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வேண்டியவற்றுள் வாரவிடுமுறையும் ஒன்று. அவ்வாண்டிலேயே சிறைப்பட்ட அப்பெரியார் கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். அதுவும் சரீர முயற்சியே! மருத்துவ நூலும் இங்கே நம் பக்கம் வருகின்றது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, கடிய உடலுழைப்புத் தொழில் செய்யும் ஆடவர்க்கு முற்பட்ட மரண அபாயம் நூற்றுக்கு 18 பங்கு மிகுதி எனக் கண்டது. ஓய்வின்றி, பிறர் ஏவலால், வெயிலில், அரை வயிற்றோடு உழைப்பது வேறு; தன் விருப்பால் உடலை இயக்குவது வேறு. சான் பிரான்சிஸ்கோ முடிவுக்கும் இதற்கும் முரண் தோன்றினும், பாஃபென்பர்கரே இடைவிட்டு எழும் வலிய முயற்சியைத்தான் சிறப்பித்தார் என்பதை மறத்தலாகாது.

ஆகவே உழைப்பு நீங்கியது குறையன்று. நீங்கிய இடம் வெறுமையாய்க் கிடப்பதே குறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. நகரத்தாரில் நூற்றுக்கு 65 பேரும் நாட்டுப்புறத்தாரில் 50 பேரும் அசைவற்றோர் என்று அது கூறுகின்றது. அதனினும் நம்மை உறுத்துவது வேறொரு தொகை. ஓய்வு வேளையில் விளையாட்டாகவோ நடையாகவோ யாதொரு முயற்சியும் செய்யாதோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 93 பேர். நம்மவர் அசைந்ததெல்லாம் தொழிலில் அசைந்தது. தொழில் கைவிட்டதும் அசைவும் கைவிட்டது.

இதற்குச் சோம்பல் என்று பெயரிடுவது அநீதி. உப்பளத்துக்கு வராதே, படி, நாற்காலியில் உட்காரும் வேலைக்குப் போ என்று சொல்லித் தாய் அனுப்பிய மகன், அந்நாற்காலியை அடைந்த பின் வியர்வையை வெறுத்தால் அதில் வியப்பென்ன? அவன் அமர்ந்திருப்பது அவள் சுமந்ததன் கூலி. நம் மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும் அந்நாற்காலியையே பரிசாகக் காட்டி மூன்று தலைமுறையை வளர்த்தன. இப்பழியில் ஒரு பங்கு நமக்கும் உண்டு. ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்து மிஷன் பணிக்குப் பெருமை சேர்த்தார். ஆயினும் நம் கல்லூரிகளில் விளையாட்டு என்பது கோப்பை வெல்லும் சிலர்க்கு உரியதாயிற்று. விளையாட்டு விழா நாளில் இருபது பேர் ஓட, ஆயிரம் பேர் பந்தலில் அமர்ந்து கைதட்டுகின்றோம். கைதட்டுதலும் ஓர் அப்பியாசமே என்பார் உளர். அவர் பேராசிரியராக இருத்தல் கூடும்.

பெண்மக்கள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பள்ளியில் ஓடியாடிய சிறுமி பூப்பெய்தியதும் மைதானத்தை விட்டு நீங்குகின்றாள். மணமானபின் நடைக்கென்று வெளியே புறப்பட ஒரு காரணம் சொல்ல வேண்டியவளாகின்றாள். ரோச் பூங்காவின் பக்கம் விடியலில் நடப்போரைக் காண்கின்றோம். ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் பலர். அவ்வேளையில் அடுப்பருகே நிற்கும் இளந்தாய்மார் அரியர். அரசினர் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை ஒன்றைத் தொடங்கியது நல்ல காரியமே. எனினும் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் உள்ளவர் நடப்பதற்காக பஸ் ஏறி வருவரோ?

இடம் அருகில் இருத்தல் வேண்டும், வெளிச்சம் வேண்டும், பெண்கள் அஞ்சாது வரத்தக்க வேளை வேண்டும். இம்மூன்றும் கூடக்கூடிய நிலம் இந்நகரில் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி, தேவாலயங்களின் மதிலுக்குள்ளேயே இருக்கின்றது. நம் மைதானமும் அவற்றுள் ஒன்று. மாலை ஐந்தரை மணிக்கு அதன் வாயில் பூட்டப்படுகின்றது; வெயில் தணிந்து, துறைமுகத்தாரும் அலுவலகத்தாரும் வீடு திரும்பி, பெண்கள் வேலையொழியும் வேளையோ அதற்குப் பின்தான் வருகின்றது. புல் கெடும், பொருள் களவு போகும் என்று கூறுவோரின் கவலை பொய்யன்று. அதற்காக ஒரு காவலாளையும் நான்கு விளக்குகளையும் வைக்கலாம். வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள் இரவு எட்டு மணிவரை வாயிலைத் திறந்து வைத்து, அவற்றுள் ஒரு நாளைப் பெண்களுக்கே ஒதுக்குமாறு கல்லூரித் தலைவரை வேண்டுகின்றோம். காவலாளின் முதலாண்டுச் சம்பளத்தைப் பழைய மாணவர் சங்கம் ஏற்கக்கூடுமா என்பதை, வரும் ஆண்டுக்கூட்டத்தில் விருந்துக்கு முன்னரே பேசி முடிவு செய்தல் நலம். விருந்துக்குப் பின் எழுந்து பேசுவார் இல்லை.