அண்ணன் ஏமாந்ததற்குத் தங்கை படிப்பை விடணுமா?

மகனுக்குப் படிப்பு, மகளுக்குக் கல்யாணம் என்று மனசுக்குள்ளேயே பணத்தைப் பங்கு போட்டு வைத்திருக்கும் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அதனால் பட்ட அனுபவத்தை மற்ற தாய்மார்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2019-ல் என் மகன் பி.காம். முடித்ததும் எம்.பி.ஏ. சேரணும் என்றான். தெரிந்தவர் மூலமாக ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். வழவழ தாளில் ஒரு புத்தகம் கொடுத்தார். அதில் ஏ.சி. வகுப்பு, லேப்டாப், வெளிநாட்டுச் சுற்றுலா, கட்டாயம் வேலை என்று என்னென்னவோ இருந்தது. "இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினாத்தாம்மா சீட்டு" என்று அவசரப்படுத்தினார். என் வளையலும் ஆரமும் அடகுக் கடைக்குப் போயின.

இரண்டு வருஷம் கழித்து சான்றிதழ் வந்தது. அதில் எம்.பி.ஏ. என்ற எழுத்தே இல்லை. 'முதுநிலைப் பட்டயம்' என்று இருந்தது. விசாரித்தால், அந்த நிறுவனத்துக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியே கிடையாதாம்! கடைசியில் பி.காமுக்கே கிடைக்கக்கூடிய வேலையை அவனாகத்தான் தேடிக்கொண்டான். ஆரம் இன்னும் மீளவில்லை.

இப்போது மகளின் முறை. பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிறாள். எம்.பி.ஏ. ஆசையை அவள் சொன்னதும், "ஒருத்தனைப் படிக்க வெச்சு பட்டது போதாதா? பொண்ணுக்கு வேற செலவழிக்கணுமா?" என்றார் என் கணவர். மாமியாரும் ஒத்து ஊதினார். உண்மையைச் சொன்னால், நானும் தலையாட்டத்தான் இருந்தேன். "அண்ணன் ஏமாந்ததுக்கு நான் ஏம்மா படிப்பை விடணும்?" என்று அவள் கேட்டதும் சுருக்கென்றது.

நியாயம்தானே? எங்களை ஏமாற்றியது படிப்பு அல்ல. அரிசியைக்கூட கையில் அள்ளிப் பார்த்து வாங்கும் நான், லட்சக்கணக்கில் கட்டும்போது ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த முறை மகளோடு உட்கார்ந்து நானே விவரம் சேகரித்தேன்.

முதலில், பட்டமா பட்டயமா என்று கேளுங்கள். எம்.பி.ஏ. பட்டத்தைப் பல்கலைக்கழகமோ, சட்டப்படி அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் தர முடியும். பட்டயம் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. 1961-ல் தொடங்கிய ஆமதாபாத், கொல்கத்தா ஐ.ஐ.எம்.களே பட்டயம்தான் கொடுத்து வந்தன. 2017-ல் வந்த சட்டத்தால்தான் பட்டம் தரும் அதிகாரம் கிடைத்தது. ஆனால் அவற்றின் மதிப்பு, ஊர் பேர் தெரியாத நிறுவனத்தின் பட்டயத்துக்கு வருமா?

இரண்டாவது, ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி. கல்லூரிக்காரர் சொல்வதை நம்பாமல் அந்த அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பையும் அதன் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்னொன்று, எம்.பி.ஏ. சேர பி.பி.ஏ.தான் படித்திருக்கணும் என்றில்லை. எந்தப் பட்டப்படிப்பானாலும் பொதுவாக 50 சதவீத மதிப்பெண் போதும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45.

மூன்றாவது, ஏஜென்ட் எதற்கு? அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு எழுதினால், அரசுக் கலந்தாய்வு மூலமே நம் மாநிலக் கல்லூரிகளில் சேரலாம்.

நான்காவது, வேலை கிடைக்கும் என்றால், போன வருஷம் எத்தனை பேருக்கு, எந்த வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். அங்கே படித்து முடித்த இரண்டு பிள்ளைகளிடம் நேரில் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நகையைத் தொடும் முன் வங்கிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டவும் அவகாசம் உண்டு. இது தெரிந்திருந்தால் என் ஆரம் என் பீரோவிலேயே இருந்திருக்கும்.

என் கணவர் இன்னும் முழு மனசோடு சரி என்று சொல்லவில்லை. ஆனால் டான்செட் விண்ணப்பக் கட்டணத்துக்கு என் சிறுவாட்டுப் பணத்தை எடுத்து வைத்துவிட்டேன். மகனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நகையைக் கழற்றிக் கொடுத்தவள், மகளுக்காகக் கண்ணைத் திறந்துகொண்டு நாலு கேள்வி கேட்கக்கூடாதா? நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.